நடுவில் நிற்பவர் யாருடைய ஆள்?

பயனருக்கும் வலைத்தளத்துக்கும் நடுவில் நின்று கோரிக்கைகளையும் பதில்களையும் கைமாற்றும் கணினிக்கு ப்ராக்ஸி என்று பெயர். அதில் 'டிரான்ஸ்பரென்ட் ப்ராக்ஸி' என்ற பெயருக்கு ஒரே காலத்தில் இரண்டு பொருள் இருந்தது. இரண்டுமே ஆர்எஃப்சி எனப்படும் இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசையில் அச்சேறியவை, இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. 1996 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 1919, பயனரின் கணினியில் எதையும் மாற்றாமல் வழியிலேயே இணைப்பைப் பிடித்துக்கொள்ளும் ப்ராக்ஸியை அந்தப் பெயரால் அழைத்தது. 1999 ஜூனில், வலைப்பக்கங்களைக் கேட்கவும் அனுப்பவும் பயன்படும் எச்டிடிபி நெறிமுறையின் 1.1 பதிப்பை வரையறுத்த ஆர்எஃப்சி 2616 சொன்னது வேறு. தன்னை அடையாளம் காட்டவும் பயனரின் அனுமதியைச் சரிபார்க்கவும் தேவைப்படும் அளவுக்கு மேல் கோரிக்கையிலோ பதிலிலோ கை வைக்காத ப்ராக்ஸிதான் அதன் கணக்கில் டிரான்ஸ்பரென்ட்.

ஆக, ஒன்று கண்ணுக்குப் படாதது. மற்றொன்று கை வைக்காதது. கண்ணுக்கே படாமல் உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிற பக்கங்களையெல்லாம் திருத்தி அனுப்பும் பெட்டி ஒன்று இருக்க முடியும். முதல் ஆவணத்தின்படி அது டிரான்ஸ்பரென்ட், இரண்டாவதன்படி இல்லை. பிரவுசரில் முகவரி கொடுத்து நாமே அமைத்துக்கொண்ட, எதையும் தொடாத ப்ராக்ஸியை எடுத்துக்கொண்டால் கதை அப்படியே தலைகீழ். இந்த நிலையில் இரண்டு பொறியாளர்கள் தொலைபேசியில் 'உங்களிடம் இருப்பது டிரான்ஸ்பரென்ட் ப்ராக்ஸியா?' 'ஆமாம்' என்று பேசி முடித்தால், அந்த உரையாடலில் எதுவுமே பரிமாறப்படவில்லை.

நெட்வொர்க் வேலையில் நெடுங்காலமாக இருக்கிறேன். முதலில் ஒரு பொறியியல் கல்லூரியின் சர்வர் அறையில், பிறகு நிறுவனங்களில். இந்தத் துறையில் நேரம் வீணாவது பெரும்பாலும் கருவிகள் பழுதாவதால் இல்லை, பேசும் இரண்டு பேரும் ஒரே சொல்லால் வெவ்வேறு பொருளைக் குறிப்பதால்தான் என்பது என் உறுதியான எண்ணம். அதனால்தான் கேஷ் (மறுபடி கேட்டால் உடனே கொடுக்கப் பிரதிகளைச் சேமித்து வைக்கும் இடம்), ப்ராக்ஸி என்று வரும்போது வரையறைகளைத் தேடித்தேடிப் படிக்கிறேன். அவற்றில் நான் மிகவும் மதிக்கும் ஆவணம், 2001 ஜனவரியில் வெளிவந்த ஆர்எஃப்சி 3040.

இயன் கூப்பர், இங்க்ரிட் மெல்வே, கேரி டாம்லின்சன் ஆகிய மூவர் எழுதியது அது. புதிய நெறிமுறை எதையும் அது முன்வைக்கவில்லை. 'தகவலுக்காக' என்ற வகைப்பாட்டில் வந்த ஆவணம். யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. வலைப்பக்கங்களைப் பிரதி எடுத்து வைப்பதிலும் கேஷில் சேர்ப்பதிலும் அன்று புழங்கிய முறைகளை வகைபிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைப்பதே அதன் நோக்கம். அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அவசரம் புரியும். 1994-ல் செர்ன் இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் வலை சர்வருக்குள்ளேயே ப்ராக்ஸி வசதி வந்துவிட்டது. ஹார்வெஸ்ட் ஆய்வுத் திட்டத்தின் கேஷிலிருந்து 1996-ல் ஸ்க்விட் என்ற ப்ராக்ஸி மென்பொருள் கிளைத்தது. கேஷ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஐசிபி நெறிமுறை 1997-ல் ஆர்எஃப்சி 2186 ஆக எழுதப்பட்டது. தளங்களின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துப் பரிமாறும் அகமாய் நிறுவனம் 1998-ல் தொடங்கப்பட்டது. இணைப்புக் கட்டணம் எக்கச்சக்கம், வேகம் குறைவு. ஆளுக்கொரு பெட்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள், ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பெயர்.

டிரான்ஸ்பரென்ட் என்ற பெயர்ச் சிக்கலை ஆர்எஃப்சி 3040 நேராகவே எதிர்கொண்டது. எச்டிடிபி ஆவணத்தின் வரையறையோடு முரண்படுவதையும், அந்தச் சொல்லுக்கே எதிர்ப்பு இருந்ததையும் சொல்லிவிட்டு, 'இன்டர்செப்ஷன் ப்ராக்ஸி' என்ற பெயரை முன்வைத்தது. நெட்வொர்க் கருவி ஒன்று போக்குவரத்தை வழியில் மடக்கித் திருப்பி விட, அதைப் பெற்றுக்கொள்ளும் ப்ராக்ஸி அது. எனக்கு இந்தப் பெயர் பிடித்திருப்பதற்கு ஒரே காரணம், அது நடப்பதைச் சொல்கிறது. 'டிரான்ஸ்பரென்ட்' என்பது விற்பவருக்கு இதமான சொல். 'இன்டர்செப்ஷன்' என்றால், யாரோ யாருடைய போக்கையோ மறித்திருக்கிறார்கள் என்பது வெளிப்படை.

மறிப்பதால் என்ன கெட்டுப்போகிறது? இங்கேதான் வரையறை நடைமுறையைத் தொடுகிறது.

நம் கல்லூரிகளில் வராத நண்பனுக்காக வருகைப் பதிவில் 'உள்ளேன்' சொல்வதை ப்ராக்ஸி கொடுப்பது என்கிறோம். அதில் வராதவன் தன் நண்பனிடம் சொல்லி வைத்திருக்கிறான். யார் தனக்காகப் பேசுகிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். வலையிலும் ப்ராக்ஸி என்பதன் வரையறை இதேதான். இன்று நடப்பில் இருக்கும், 2022 ஜூனில் வந்த ஆர்எஃப்சி 9110 சொல்வது: ப்ராக்ஸி என்பது கிளையன்ட் (பிரவுசர் போல, கோரிக்கை அனுப்பும் நிரல்) தேர்ந்தெடுத்த, செய்தியை முன்னனுப்பும் முகவர். தேர்ந்தெடுத்தது கிளையன்ட் என்பதுதான் இதில் உயிர்நாடி. பிரவுசருக்குத் தான் ப்ராக்ஸியோடு பேசுகிறோம் என்று தெரிந்தால் முழு முகவரியையும் கோரிக்கையில் எழுதும். ப்ராக்ஸி கடவுச்சொல் கேட்டு 407 என்று பதில் அனுப்பினால் அதைப் புரிந்துகொள்ளும். புதிய பிரதி வேண்டுமென்றால் நடுவில் இருப்பவரிடம் முறையாகக் கேட்கும்.

இன்டர்செப்ஷனில் இது எதுவும் இல்லை. மூல சர்வரோடு, அதாவது தளத்தின் சொந்த சர்வரோடு, பேசுவதாகவே பிரவுசர் நம்புகிறது. அதனால் முகவரியின் வால்பகுதியை மட்டும் அனுப்புகிறது. மீதியை, கோரிக்கையின் தலைப்பில் தளத்தின் பெயரைச் சொல்லும் வரியான ஹோஸ்ட் ஹெடரிலிருந்து பெட்டி ஊகித்துச் சேர்க்கவேண்டும். அந்த ஹெடரைப் பொய்யாக எழுதும் நிரல் பயனரின் பக்கத்தில் ஓடினால், ப்ராக்ஸியை வேறிடத்துக்கு அனுப்பிவிடலாம். ஸ்க்விட் உட்படப் பல ப்ராக்ஸிகளில் இந்த ஓட்டை இருந்ததும் 2009-ல் பதிவாகியிருக்கிறது. கடவுச்சொல் கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் தான் ப்ராக்ஸியோடு பேசவில்லை என்று நினைக்கும் பிரவுசரிடம் 407 சொல்வதில் அர்த்தமில்லை. ஐபி முகவரியைப் பார்த்து அனுமதிக்கும் ஆய்விதழ்த் தளங்களுக்கு, வளாகம் முழுவதும் ப்ராக்ஸியின் ஒரே முகவரியிலிருந்து வருவதுபோலத் தெரியும். மூன்று கோளாறுகளுக்கும் வேர் ஒன்றுதான்: கிளையன்ட் தேர்ந்தெடுக்காத ஒருவர் கிளையன்டின் இடத்தில் நிற்கிறார்.

ஸ்க்விட்டின் வரலாற்றிலேயே பெயர் மங்கியதன் தடம் இருக்கிறது. 2.5 பதிப்பு வரை, போக்குவரத்தை வழியில் மறிக்க வேண்டுமென்றால், வலைத்தளத்துக்கு முன்னால் நிற்கும் 'ஆக்சிலரேட்டர்' வேலைக்கான அமைப்புகளையே இரவல் வாங்கிப் போடவேண்டும். பயனர் பக்கத்து வேலைக்குத் தளத்துப் பக்கத்து வேலையின் பெயர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்த வரிகளை விளக்குவது பெரும்பாடு. 2.6-ல் அதைப் பிரித்து 'டிரான்ஸ்பரென்ட்' என்று தனி விருப்பம் கொடுத்தார்கள். 3.1-ல் அந்தச் சொல்லையும் மாற்றி 'இன்டர்செப்ட்' என்றார்கள். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு சொல்தான் மாறியது. ஆனால் அதைத் தட்டச்சு செய்யும் நிர்வாகிக்குத் தான் என்ன செய்கிறோம் என்பது கையிலேயே தெரியும்படி ஆனது. நல்ல பெயரிடலுக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியாது.

கல்லூரியில் இருந்தபோது கவனித்த ஒன்று. மாணவர் விடுதியில் 'ப்ராக்ஸி' என்றால் தடுக்கப்பட்ட தளங்களைத் திறந்து தரும் வேறொரு தளம். சர்வர் அறையில் 'ப்ராக்ஸி' என்றால் அவற்றைத் தடுக்கும் பெட்டி. ஒரே வளாகத்தில் பூட்டுக்கும் கள்ளச்சாவிக்கும் ஒரே பெயர். யார் தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வியைப் போட்டால் இரண்டும் உடனே பிரிந்துவிடுகின்றன. விடுதி மாணவர் தன் விருப்பத்தால் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். மற்றது அவருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. நிர்வாகக் கூட்டத்தில் இந்தப் பிரிவைச் சொன்ன பிறகுதான், எங்கள் விடுதிகளில் பெட்டி இருப்பதை மாணவர்களுக்கு எழுத்தில் அறிவிக்கும் வழக்கம் வந்தது. அது எனக்கு இன்றும் நிறைவு தரும் விஷயம்.

ரயில் நிலையத்திலோ ஓட்டலிலோ வைஃபையில் இணைந்ததும் எந்தத் தளத்தைத் தட்டினாலும் ஒரு லாகின் பக்கம் வருகிறதே, அதுவும் இதே மறிப்பு வகைதான். 2012 ஏப்ரலில் வந்த ஆர்எஃப்சி 6585 இதற்கென்றே 511 என்ற நிலைக்குறியைக் கொடுத்தது: 'நெட்வொர்க்கில் நுழைய அனுமதி தேவை.' இந்தப் பதில் நீங்கள் கேட்ட தளத்திலிருந்து வரவில்லை, வழியில் இருக்கும் நான் சொல்கிறேன் என்று மறிப்பவர் ஒப்புக்கொள்ள ஒரு சொல் கிடைத்தது. அது இல்லாதபோது லாகின் பக்கத்தையே தளத்தின் உண்மையான பதில் என்று நம்பி, அதைச் சேமித்து வைத்துக்கொண்ட நிரல்கள் உண்டு.

மறுபக்கம், தளத்துக்கு முன்னால் நிற்பவர். ஆர்எஃப்சி 3040 இதற்கு 'சரகேட்' என்று பெயர் வைத்தது: மூல சர்வரின் சார்பில் செயல்பட அதிகாரம் பெற்ற கேட்வே, அதாவது நுழைவாயில். அது மூல சர்வர் இருக்கும் இடத்திலேயே இருக்கலாம், நெட்வொர்க்கில் வேறெங்கோ இருக்கலாம். 'அதிகாரம் பெற்ற' என்பதில்தான் கனம். மூல சர்வரோடு நெருங்கி ஒத்துழைக்கும் சரகேட், கேஷ் விதிகளில் சிலவற்றைத் தளத்தின் ஒப்புதலோடு தளர்த்திக்கொள்ளலாம் என்றும் அந்த ஆவணம் சொல்கிறது. பயனர் பக்கத்து ப்ராக்ஸிக்கு அந்த உரிமை கிடையாது, ஏனென்றால் பக்கத்தின் உரிமையாளர் அதற்கு எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை.

சொல் நிலைக்கவில்லை. எல்லோரும் 'ரிவர்ஸ் ப்ராக்ஸி' என்றே சொன்னார்கள். ஆர்எஃப்சி 9110-ம் 'கேட்வே' என்று எழுதி, ரிவர்ஸ் ப்ராக்ஸி என்றும் அழைப்பர் என்று சேர்த்துக்கொண்டது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். 'ரிவர்ஸ்' என்பது வெறும் திசையைச் சொல்கிறது, யாருடைய ஆள் என்பதைச் சொல்வதில்லை. ஆனால் சரகேட் முழுக்க மறையவும் இல்லை. சிடிஎன்னுக்கு (தளத்தின் பிரதிகளைப் பல இடங்களில் வைத்துப் பரிமாறும் சேவைக்கு) மட்டும் தனி ஆணையிட உதவும் 'சரகேட்-கன்ட்ரோல்' ஹெடர் 2001-ல் எழுதப்பட்ட ஒரு முன்மொழிவில் வந்து, சில சிடிஎன்களில் இன்றும் வழக்கில் இருக்கிறது. அதே தேவைக்கு 2022-ல் ஆர்எஃப்சி 9213 முறையான வடிவம் கொடுத்தது: 'சிடிஎன்-கேஷ்-கன்ட்ரோல்.' தளம் தன் ஆளிடம் ஒன்று சொல்லலாம், உலகத்துக்கு வேறொன்று சொல்லலாம். நொடிக்கு நொடி மாறும் செய்திப் பக்கத்தை 'சிடிஎன் ஒரு மணி நேரம் வைத்துக்கொள், செய்தி மாறினால் நானே நீக்கச் சொல்வேன். பிரவுசர்களே, ஒவ்வொரு முறையும் கேளுங்கள்' என்று பிரித்துச் சொல்வது இதனால் சாத்தியமாகிறது.

திசைச் சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இவற்றால் வரும் குழப்பத்தை மாதம் தவறாமல் பார்க்கிறேன். என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வர் மென்பொருளில் பழகியவர்களுக்கு 'அப்ஸ்ட்ரீம்' என்றால் பின்னால் இருக்கும் சர்வர், எப்போதும். எச்டிடிபி ஆவணத்தில் அப்படி இல்லை: எல்லாச் செய்திகளும் அப்ஸ்ட்ரீமிலிருந்து டவுன்ஸ்ட்ரீமுக்குப் பாய்கின்றன. அதன்படி, கோரிக்கை போகும்போது பயனர் அப்ஸ்ட்ரீம், சர்வர் டவுன்ஸ்ட்ரீம். பதில் வரும்போது இடம் மாறிக்கொள்கிறார்கள். நிலையான திசையைச் சொல்ல அது வைத்திருக்கும் சொற்கள் இன்பவுண்ட், அவுட்பவுண்ட்: மூல சர்வரை நோக்கி, பயனரை நோக்கி. என்ஜின்எக்ஸின் பேச்சுவழக்கு தவறு என்று நான் சொல்லமாட்டேன். இத்தனை பேர் பேசும் வழக்கைத் திருத்த முடியாது. ஆனால் கோளாறு அறிக்கையில் 'அப்ஸ்ட்ரீமில் பிரச்சினை' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தப் பெட்டி என்று பெயரை எழுதுங்கள்.

இனி கேஷ். இங்கே சொற்கள் இன்னும் ஆபத்தானவை, ஏனென்றால் கேட்ட மாத்திரத்தில் புரிந்ததுபோல இருக்கும். 'நோ-கேஷ்' என்று ஒரு ஆணை இருக்கிறது. கேஷில் வைக்காதே என்றுதான் யாரும் நினைப்பார்கள். அதன் பொருள்: வைத்துக்கொள், ஆனால் ஒவ்வொரு முறை கொடுக்கும் முன்பும் மூல சர்வரிடம் கேட்டு உறுதி செய். வைக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்.' இந்த இரண்டையும் மாற்றிப் போட்டு வங்கிக் கணக்கு விவரம் இருக்கும் பக்கத்தை வட்டில் தங்கவிட்ட அமைப்பைப் பார்த்திருக்கிறேன். எதிர்ப்பக்கமும் உண்டு: ஒருபோதும் மாறாத படங்களுக்கெல்லாம் நோ-ஸ்டோர் போட்டு, மொபைல் டேட்டாவில் படிப்பவரை ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே படத்தைத் திரும்பத் திரும்ப இறக்க வைப்பது.

இதைவிட முக்கியமான பிரிவு தனிக் கேஷ், பகிர்வுக் கேஷ் என்பது. உங்கள் பிரவுசருக்குள் இருப்பது உங்கள் ஒருவருக்கானது. ப்ராக்ஸியிலும் சிடிஎன்னிலும் இருப்பது பலருக்குப் பொதுவானது. 'பிரைவேட்' என்ற ஆணை இரண்டாவதை மட்டும் தடுக்கிறது. இந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பர் 25 காட்டியது. ஸ்டீம் விளையாட்டுக் கடையின் மீது தாக்குதல் நடந்துகொண்டிருந்தபோது, அதைச் சமாளிக்க கேஷ் அமைப்பு மாற்றப்பட்டது. புதிய அமைப்பு லாகின் செய்தவர்களுக்கான பக்கங்களையும் பொதுவில் சேமித்துவிட்டது. ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போனது. சுமார் 34,000 பேரின் விவரங்கள் இப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று வால்வ் நிறுவனம் அறிவித்தது. இதற்கு யாரும் கடவுச்சொல்லைத் திருட வேண்டியிருக்கவில்லை. ஒரு பதில் யாருக்குச் சொந்தம் என்ற அறிவிப்பு, பதிலோடு சேர்ந்து பயணிக்கவில்லை.

கேஷ் வேலை செய்கிறதா என்று அளக்கும் இடத்திலும் சொல் தகராறு உண்டு. 'ஹிட்', அதாவது கேட்டது கேஷிலேயே கிடைத்தது என்றால் சரியாக என்ன? பழைய பிரதி கையில் இருக்கிறது, காலம் கடந்துவிட்டது, மூல சர்வரிடம் கேட்டோம், 'மாறவில்லை' என்று 304 வந்தது, கையில் இருந்ததையே கொடுத்தோம். இது ஹிட்டா, மிஸ்ஸா? ஸ்க்விட்டின் பதிவேட்டில் இதற்கெனத் தனிக் குறியே இருக்கிறது. சிடிஎன்களோ எக்ஸ்-கேஷ் என்ற ஹெடரில் ஆளுக்கொரு விதமாக எழுதிவந்தன. சில இடங்களில் ஹிட், சில இடங்களில் வேறு பெயர். இரண்டு நிறுவனங்களின் ஹிட் விகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட அறிக்கைகள் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. அவற்றில் இந்தக் கேள்விக்கு விடை இருந்தால்தான் மேற்கொண்டு படிப்பேன்.

2022 ஜூனில் மார்க் நாட்டிங்ஹாம் எழுதிய ஆர்எஃப்சி 9211 இதற்கு முடிவு கட்டியது. கோரிக்கை மேற்கொண்டு அனுப்பப்படாமல் கேஷிலிருந்தே நிறைவேறினால் மட்டுமே ஹிட். அனுப்பியிருந்தால் ஏன் அனுப்பினோம் என்று காரணம் சொல்லலாம்: அந்த முகவரியே கையில் இல்லை, முகவரி இருந்தும் வேறு மொழிக்கோ வேறு வடிவத்துக்கோ உரிய பிரதி, காலம் கடந்த பிரதி, பாதிப் பிரதி. மூல சர்வர் படுத்துவிட்ட நிலையில், யாரையும் கேட்காமல் பழைய பிரதியையே கொடுத்திருந்தால் அதையும் ஹிட் என்று கணக்கிடலாம். 304 வாங்கிக் கொடுத்தது ஹிட் இல்லை. இது தர்க்கத்தோடு பொருந்துகிறது: மூல சர்வருக்கு ஒரு பயணம் போய்விட்டோம், பயனர் அந்த நேரம் காத்திருந்துவிட்டார். அதோடு, வழியில் உள்ள ஒவ்வொரு கேஷும் இந்த ஆவணம் வரையறுத்த ஹெடரில் தன் பெயரோடு ஒரு பதிவைச் சேர்க்கலாம். வரிசையில் முதலில் இருப்பது மூல சர்வருக்கு மிக அருகில் உள்ளது, கடைசியில் இருப்பது பயனருக்கு அருகில் உள்ளது. ஒரு பதிலைப் பார்த்தே அது வந்த வழியைப் படித்துவிடலாம். என் வசம் உள்ள சர்வர்கள் எல்லாவற்றிலும் இதைச் சேர்த்துவிட்டேன். 'கேஷைக் கிளியர் பண்ணிப் பாருங்கள்' என்ற வாக்கியம் எங்கள் குழுவில் பெருமளவு குறைந்துவிட்டது; 'எந்தக் கேஷ்?' என்ற கேள்விக்கு இப்போது பார்த்துச் சொல்லக்கூடிய விடை இருக்கிறது.

இவ்வளவுக்கும் நடுவில், செய்தியை மறையாக்கி அனுப்பும் எச்டிடிபிஎஸ் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கல்லூரி ப்ராக்ஸி வழியே இன்று போகும் பெரும்பாலான போக்குவரத்தில் அது வெறும் 'டனல்': இரு முனைகளுக்கும் நடுவே, உள்ளே என்ன என்று தெரியாமல், எதையும் மாற்றாமல் கடத்தும் குழாய். கேஷில் வைக்க அதனிடம் ஒன்றுமில்லை. ப்ராக்ஸி, கேட்வே, டனல் என்று ஆர்எஃப்சி 9110 மூன்று வகையைச் சொல்லும்போது, ஒரே பெட்டி கோரிக்கைக்குக் கோரிக்கை இந்த வேடங்களை மாற்றிக்கொள்ளலாம் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இதை நான் மிகவும் ஆழமான வாக்கியமாகக் கருதுகிறேன். இந்தப் பெயர்கள் பெட்டிக்கு ஒட்டும் சீட்டுகள் அல்ல, அந்தக் கணத்தில் அது ஏற்கும் பொறுப்பின் பெயர்கள். தளத்தின் அடையாளச் சான்றிதழைத் தானே தயாரித்து, டனலைத் திறந்து பார்க்கும் நிறுவனப் பெட்டிகளும் உண்டு. அவை அந்தக் கணத்தில் டனல் என்ற பெயருக்கான தகுதியை இழந்துவிடுகின்றன, விளம்பரத் தாளில் என்ன எழுதியிருந்தாலும்.

அண்மையில் வந்த ஒரு வரையறை இந்த வரிசையில் என்னை உற்சாகப்படுத்துகிறது. 2024 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9458 'அப்ளிவியஸ் எச்டிடிபி' என்ற முறையைச் சொல்கிறது. அதில் பயனருக்கும் தளத்துக்கும் நடுவே இருவர். 'ரிலே' என்பவருக்குக் கேட்பவர் எந்த முகவரியிலிருந்து வருகிறார் என்று தெரியும், என்ன கேட்கிறார் என்று தெரியாது. 'கேட்வே' என்பவருக்கு என்ன கேட்கிறார் என்று தெரியும், கேட்பவர் எங்கிருந்து வருகிறார் என்று தெரியாது. இருவரும் கூட்டுச் சேராதவரைதான் முறை நிற்கும் என்பதையும் ஆவணம் எழுதிவைத்திருக்கிறது. யார் தேர்ந்தெடுத்தது, யாருடைய சார்பில் என்ற இரண்டு கேள்விகளோடு 2001-ல் ப்ராக்ஸிகளைப் பிரித்தார்கள். இப்போது மூன்றாவதாக, யாருக்கு எது தெரியும் என்ற கேள்வியும் வரையறைக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் நெட்வொர்க் வரைபடத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே இந்த மூன்றுக்கும் விடை எழுத இடம் ஒதுக்கியிருக்கிறோம். மூன்றாவது வரியை நிரப்பத்தான் ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் பேசவேண்டியிருக்கிறது.